ஓடுற படிக்கட்டும் ஓடிப்போன வேனும்

நிக்கல சார்! ஒரு மனுசன் கோவிச்சுக்கிட்டு வண்டிய விட்டு எறங்கிப் போறானே, கூப்புடுவோம், சமாதானம் பண்ணுவோம்னு ஒரு மரியாத வேணாமா? போயிட்டான் சார் அந்த வேன்கார நவநீதன்! என் பொண்டாட்டி வேனுக்குள்ள, என் பொண்ணு வேனுக்குள்ள, என் போனும் வேனுக்குள்ள... நான் மட்டும் காரிமங்கலம் ஹைவேஸ் ஓரத்துல, இந்தப் பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, மைல்கல்லு மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன்.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. பை பெருசு. காதுல மாட்டியிருக்கறத ஒரு பக்கமாச்சும் கழட்டுங்களேன்... ஆங், புண்ணியமாப் போவும்.

நம்ம பேரு வீரமணிங்க. மாட்டுத் தரகு. காரிமங்கலம் சந்தையில யார வேணா கேட்டுப் பாருங்க... நீங்க எங்க கேக்கப் போறீங்க, சட்டையப் பாத்தாலே தெரியுது, மாட்டுப் பக்கம் போற ஆளு இல்ல. ஓசூருங்களா, பெங்களூருங்களா? ... பெங்களூரு! அப்ப ஒங்ககிட்டதான் சொல்லணும்.

அங்க பாருங்க, கண்டக்டர் மொறைக்கறத. நடு ரோட்டுல கைய விரிச்சு பஸ்ஸ மறிச்சுட்டேனாம். மறிக்காம? "எக்ஸ்பிரஸ் வண்டி, ஓசூர்லதான் நிக்கும்"ங்கறான். "நிக்காதுன்னா இப்ப எதுக்கு நின்ன?"ன்னு கேட்டேன். கேட்டது தப்பா? நாயமான கேள்வி சார்! அதுக்குப் போயி மூஞ்சத் திருப்பிக்கிட்டான்.

விடுங்க. ஒரு சின்னக் கொழந்தைய ஒரு நாளைக்கு பெங்களூரு கூட்டிட்டுப் போயிட்டு வர்றது எம்மாம் பெரிய வேல தெரியுமா ஒங்களுக்கு? கல்யாணம் ஆயிடுச்சா? ... ஆவலையா? அப்பத் தெரியாது. நான் லாரி நெறைய மாட்ட ஏத்திக்கிட்டு ஒத்த ஆளா பொள்ளாச்சி வரைக்கும் போனவன். பயமே இல்ல. ஆனா நாலு வயசுப் புள்ள... அதுக்கு எப்ப பசிக்கும், எப்ப தூக்கம் வரும், எப்ப ஒன்னுக்கு வரும், ஒன்னும் நம்ம கையில இல்ல. மாடாச்சும் வாலத் தூக்கி முன்னாடியே சொல்லிடும்!

இதுக்கு வூட்டுல எத்தன நாளு பிளானுங்கறீங்க? எங்கூட்டம்மா பிரியா, பிரியதர்ஷினி, படிச்சவ. அவ சொல்றா, "ஏங்க, புள்ளைய வச்சுக்கிட்டு ஒரே எடம் போதும். மெட்ரோவுல ஏத்திக் காட்டலாம், ஒரு பார்க்குல வுட்டா வெளையாடுவா. மத்தியானம் நெழல்ல செத்த தூங்க வச்சுட்டு, வெயிலு தாழ திரும்பிடலாம்." தூங்கறதுக்கு எதுக்குடி பெங்களூரு, நம்ம வூட்டுல பாயி இல்லையான்னு கேட்டேன். தப்பா? ... சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க.

நம்ம பிளானு என்னான்னா... மொதல்ல மெட்ரோ. அப்பறம் பன்னேர்கட்டா போயி புலி, சிங்கம். அங்கிருந்து லால்பாக். வழியில விதான சவுதா, எறங்க வேணாம், ஜன்னல்ல பாத்தா போதும். அப்பறம் ராக்கெட்டு வச்சிருக்கற மியூசியம். அப்பறம் பெரிய மாலு ஒன்னு. கடைசியா ஏரோப்ளேன் எறங்கற எடம், தல மேல பறக்குமாமே... என்னாங்க? ஒரே நாள்ல முடியாதா? பன்னேர்கட்டா ஒரு மூலை, ஏர்போர்ட்டு ஒரு மூலையா? ... நீங்களும் பிரியா கட்சிதானா சார்! வண்டி எப்படியும் அவ்ளோ தூரம் போவுது, பாக்கற எடத்த எதுக்குக் கொறைக்கணும்? கன்னுக்குட்டிய சும்மா சேத்துக் குடுன்னு கேட்டு வாங்கியே பொழச்சவன் நானு. வாய் இருக்கற வரைக்கும் கேக்கணும்.

பாப்பாவக் கேட்டா, பேரு தன்விகா, அவளுக்கு புலியும் வேணாம் ராக்கெட்டும் வேணாம். ஓடுற படி வேணுமாம். அதான் சார், நாம சும்மா நின்னா போதும், அதுவே மேல தூக்கிட்டுப் போவுமே... ஆங், எஸ்கலேட்டரு. போன்ல பாத்துட்டா. அதுலேருந்து வூட்டு வாசப்படியிலதான் பிராக்டிஸு. நான் "இப்ப!"ன்னு கத்தணும், அவ டக்குனு கால வைக்கணும். வாசப்படி நகராது, ஆனா அவ நகருதுன்னு நெனச்சு கைய விரிச்சு ஆடிக்கிட்டே நிப்பா. அப்பா கையப் புடிச்சாத்தான் நெசமான படியில ஏறுவாளாம். அம்மா கைய நீட்டுனா வேணாம்னுட்டா. நான் போவலைன்னு வச்சுக்கங்க, அந்தப் புள்ள கீழயே நின்னு எல்லாரும் மேல போறதப் பாத்துட்டு வூட்டுக்கு வந்துடும்.

எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஏன்னா... நான் எங்க சார் வூட்டுல இருக்கேன்? இருட்டோட கெளம்புனா ஒரு சந்தை, மறுநாளு இன்னொரு சந்தை. அவ தூங்கறப்ப போறேன், அவ தூங்குனப்பறம் வர்றேன். அங்கன்வாடி டீச்சரு ஒங்கப்பா எங்கன்னு கேட்டதுக்கு, "சந்தையில"ன்னாளாம். செத்துப்போன ஆளச் சொல்ற மாதிரி மேல கைய வேற காட்டுனாளாம்! சந்தை மேட்டுத் தெருவுல இருக்கு, அதான் மேல காட்டியிருக்கா, ஆனா டீச்சரு பதறிட்டாங்க. அதான் இன்னிக்கு... இன்னிக்கு முழு நாளும் எங்கப்பா என்கூடன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கா.

ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் படியில நானும் ஏறுனதில்ல. நானும்தான் வாசப்படியில பிராக்டிஸ் பண்ணேன்.

சார்... ஒரு போன் மட்டும் பண்ணிக்கட்டுமா? இல்ல, பிரியா நம்பரு தெரியாது. "வூடு"ன்னு போட்டு வச்சிருக்கேன், தொட்டா போவும். என் நம்பருதான் தெரியும். என் போனு பாப்பாகிட்ட. போடுங்க, சொல்றேன்... அடிக்குது, அடிக்குது... கட் பண்ணிட்டா! பாப்பாதான். பொம்மப்படம் பாக்கறா. தெரியாத நம்பர்லேருந்து வந்தா கட் பண்ணிடுன்னு நான்தான் பழக்கி வச்சேன். பின்ன, மாடு வாங்குனவன்லாம் பால் கறக்கல, ஒதைக்குதுன்னு கூப்புடுவான்ல? ... மெசேஜா? நாலு வயசுங்க அவளுக்கு! எல்கேஜியே இனிமேத்தான்.

இந்தப் பையில பாருங்க. அவளோட மாத்துத் துணி, தயிர் சோறு, தொப்பி, வாந்தி வந்தா மோந்து பாக்க எலுமிச்சம்பழம். எல்லாம் என்கிட்ட. அங்க அவகிட்ட ஒன்னுமில்ல. ... நான் ஏன் பையோட எறங்குனேன்னா கேக்கறீங்க? வெறுங்கையோட எறங்குனா நவநீதன் நம்ப மாட்டான் சார்! பையோட போனாத்தான் இவன் நெசமாவே போறான்னு பயப்படுவான்.

நடந்தது இதான். எங்க தெருவுல நாலஞ்சு வூடு சேந்து நவநீதன் வேன பேசியிருக்கோம். எல்லா வூட்டுலயும் பொடுசுங்க. ஹைவேஸ் ஓரமா நின்ன வேன்ல ஏறி உக்காந்ததும், "நவநீதா, எந்தெந்த எடம்?"னேன். "மெட்ரோ, ஒரு பார்க்கு. அவ்ளோதாண்ணே"ங்கறான். பிரியாவப் பாத்தேன், அவ ஜன்னல் பக்கம் பாக்கறா. முன்னாடியே பேசி முடிச்சுட்டாங்க சார், என்னைய வுட்டுட்டு! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்... சரி, ஏரோப்ளேன் எடம் ஒன்னாச்சும் சேத்துக்கடான்னேன். முடியாதுண்ணேன்னுட்டான்.

முடியாதுன்னு சொன்னா என்ன பண்ணணும்? எந்திரிக்கணும். துண்ட ஒதறணும். நடக்கணும். சந்தையில அதான் வித்தை. துண்டுக்கு அடியில வெரலப் புடிச்சு வெல பேசுவோம், படியலன்னா கைய உருவிக்கிட்டு நடந்துடணும். திரும்பிப் பாக்கவே கூடாது. யாரு மொதல்ல திரும்புறானோ அவன் தோத்தான். சின்ன வயசுல ஒருக்கா திரும்பிட்டு, ஈத்து மாடுன்னு நம்பி ஒரு மலட்டு மாட்டத் தலையில கட்டிக்கிட்டு வந்தவன் நானு. அன்னிலேருந்து இந்தக் கழுத்து திரும்புனதில்ல. நடந்தா கூப்புடுவான் சார். எவனா இருந்தாலும் கூப்புடுவான்!

... கேட்டுச்சு. வண்டி ஸ்டார்ட் ஆனது கேட்டுச்சு, கேக்காம என்ன. சும்மா மெரட்டுறான்னு நெனச்சேன். கூட நாலு எட்டு வச்சேன்.

... ம். அவ கூப்புட்டதும் கேட்டுச்சு சார். "அப்பா"ன்னா. ஒருக்கா இல்ல. ஒடம்பு பூரா திரும்பணும்னு துடிக்குது, இந்தக் கழுத்து மட்டும் சந்தையில நிக்குது. கட்டாயப்படுத்தித் திருப்பிப் பாத்தா ரோட்டுல பொகதான் இருக்கு. நவநீதன் மேல என்ன சார் தப்பு? கூப்புட்டாங்க. நான்தான் திரும்பல.

ஒங்க போனு அடிக்குது சார்... என் நம்பரு! குடுங்க, குடுங்க. அலோ! பாப்பா! கண்ணு, அப்பாடா! எங்கடா இருக்கீங்க? ... அம்மாதான் இந்த நம்பரப் போட்டுக் குடுத்தாளா? அப்ப அவகிட்ட குடு. ... ஏன் குடுக்க மாட்ட? ... காவேரிப்பட்டணம் தாண்டி டீக்கடையா? நிக்கறீங்களா? சாமி, சாமி... ரோட்டுல திரும்ப வழியில்லாம அங்க போயி நின்னீங்களா? அம்மா எனக்குப் போன் போட்டாளா? ஒன் மடியிலயே அடிச்சுதா! ... என்னாது? யாரு வண்டிய எடுக்கச் சொன்னது? நீயா?

சார், கேட்டீங்களா இத! இவதான் நவநீதன்கிட்ட சொல்லியிருக்கா, "மாமா, நீங்க வண்டிய நகத்துங்க, எங்கப்பா தானா ஓடி வருவாரு"ன்னு! ஒரு நாளு சந்தைக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனேன் சார், ஒரே ஒரு நாளு!

சொல்லு கண்ணு, இருக்கேன். ... கண்டிசனா? சரி, சொல்லு. ... இன்னிக்கு நான் யார்கிட்டயும் சண்டை போடக் கூடாது. சரி. ... பேசவும் கூடாதா? யார்கிட்டயுமே? பொழுது சாயற வரைக்குமா? கண்ணு, அப்பா எப்படிறா... மத்தியானம் வரைக்கும் வச்சுக்கலாமா? ... அலோ? பாப்பா? ... ஐயோ, "மாமா, வண்டிய எடுங்க"ங்கறா! சரி சரி சரி! நீ சொன்னதே! ஒரு வார்த்த கூடக் கொறைக்கல, நீ சொன்னதே சாமி! ஒன்கிட்ட வந்து சேந்ததும் வாயத் தெறக்க மாட்டேன்!

வச்சுட்டா. ... பொறந்ததுலேருந்து ஒரு வெலைய சொன்ன மாத்தரத்துல ஒத்துக்கிட்டது இதான் சார் மொத தடவ.

காவேரிப்பட்டணம் வந்துடுச்சே! இந்த வண்டி நிக்காது சார். எனக்கும் அந்தக் கண்டக்டருக்கும் ஆவாது, நான் கேட்டா வேணும்னே ஓசூர்லதான் எறக்குவான். நீங்க கேளுங்க. எடுத்ததும் தணிஞ்சு போவாதீங்க... மொதல்ல வயசானவங்க இருக்காங்கன்னு ஆரம்பிங்க... அப்பறம் கோவப்படுங்க... அதுக்கும் மசியலன்னா... சார்? சார், நான் சொல்றதக் கேட்டுட்டுப் போங்க!

... விசில் அடிச்சுட்டானா? அதுக்குள்ளவா! என்ன சார் சொன்னீங்க? ... "கொழந்த காத்துக்கிட்டிருக்கு, கொஞ்சம் நிறுத்துங்க"ன்னா? அவ்ளோதானா? அவன் ஒன்னுமே திருப்பிக் கேக்கலையா?

சரி, பையக் குடுங்க. அதோ வெள்ள வேனு! டீக்கடை வாசல்ல பிரியா கையப் புடிச்சுக்கிட்டு நிக்கறா பாருங்க, மஞ்ச கவுனு, அவதான்! பேச்சு மாறக் கூடாதுன்னு இப்பவே வாயில வெரல வச்சுக்கிட்டு நிக்கறா. கண்டக்டர் தம்பி, நல்லா இருப்பே, பொறுமையா எறங்கறேன். சார், ஒங்கள மறக்கவே மாட்டேன், ஒங்க பேரக் கூட கேக்கல பாருங்க, காரிமங்கலம் பக்கம் வந்தீங்கன்னா சந்தையில வீரமணின்னு கேட்டா யாரு வேணா வழி காட்டு...