ஆண் கொடியை வெட்டியவன்

கிவிக் கொடிக்கு உரத்தைவிடப் பந்தல்தான் முக்கியம், சார். பலர் குச்சியை நட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டு, பிறகு தலையில் கை வைப்பார்கள். நான் வெல்டர். இரும்புக் குழாய் வாங்கி நானே பற்றவைத்தேன்.

இதில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. ஆண் காய்க்காது. ஆனால் அதன் மகரந்தம் இல்லாமல் பெண்ணும் காய்க்காது. வருஷக்கணக்கில் காத்திருந்து முதல் மொட்டு வந்த வாரத்தில், என் மச்சினன் ஆண் கொடியை அடியோடு வெட்டிவிட்டான். மனைவியின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்து மாடி அறையில் அட்டையாக ஒட்டிக்கொண்டவன். அவன் தேடி நான் பார்த்தது சோற்றுப் பானையை மட்டும்தான்.

"காய்க்காம தண்டத்துக்கு எடத்த அடைச்சுக்கிட்டு நின்னுச்சு மாமா. அதான் வெட்டிட்டேன்."

"அது ஆண் கொடிடா. அது இல்லேன்னா மத்ததும் காய்க்காது."

"அப்ப உங்கள மாதிரிதான்னு சொல்லுங்க. சும்மா நிக்கிறதே வேலை."

என் மனைவி சிரித்தாள். சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனபோது, பந்தலின் நடுக்குழாயைப் பற்றவைத்த இடத்தில் கிரைண்டரால் அறுத்தேன். ஒரு புள்ளி மட்டும் விட்டேன். கொடியின் பாரம் தாங்கும், ஆள் பாரம் தாங்காது. மேலே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். பிறகு வெட்டிய கொடி சருகாகும்வரை பொறுத்திருந்தேன். தொழிலில் நான் அவசரப்படுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கன்றுகளுக்கு ஊன்றும் கம்பிகளைக் குழாய்க்கு நேர் கீழே, கூர்முனை மேலே தெரிய நட்டேன். மேலே ஏறிக் காய்ந்ததை இழுத்துப்போடு என்று அவனிடம் சொன்னேன்.

"செஞ்ச தப்புக்கு இதாவது பண்றேன் மாமா," என்று ஏறினான். பாவம், உண்மையிலேயே வருத்தப்பட்டான் போலிருக்கிறது. விழுந்த பிறகு அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை.

அவன்மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. கொடிக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கம்பிகளை நடும்போதே, ஆண் கொடியின் அடித்தூரில் புதுத் துளிர்கள் வந்திருந்ததைப் பார்த்தேன். லேசில் சாகிற ஜாதியில்லை அது. துளிரை மிதித்துவிடாமல் சுற்றிப் போய், ஏணியைக் கொண்டுவந்து அவனுக்குச் சாத்திக் கொடுத்தேன்.