செவ்வாய்க்கிழமை க்ளாஸ்

"ஹலோ... ஆமா, நான் தான். லீவு போட்டா வீட்ல தான இருப்பேன்... இன்னா? யாரு கேட்டா? சோபனாவா? நான் ஏன் வேலைக்கு வரலன்னு அவ எதுக்கு உங்ககிட்ட கேக்கறா?"

அந்தப் பெயரைக் கேட்டாலே ஜெயசீலிக்கு வயிறு எரியும். அவளும் புருஷன் ஐசக்கும் வேலை செய்யும் தோல் டேனரிக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி. மூன்று மாதமாக ஐசக் சோற்றைப் பிசையும்போதுகூட "சோபனா மேடம் சொன்னாங்க" தான். பெண்டாட்டி சொன்னது ஒன்றாவது அவர் வாயில் வந்திருக்கிறதா?

"சிரிக்காதீங்க... சிரிக்கலயா? போன்லயே தெரியுது... சரி, சரி... இருங்க, அங்க யாரு கத்தறது?... உங்க தோஸ்து மூர்த்திக்கு இன்னா?... கழிவுத் தொட்டில எறங்கனானா? கூப்ட்டா குரல் வரலயா?... காலைல நாத்தம் ஜாஸ்தியா இருந்துச்சு, இப்ப கொஞ்சங்கூட நாத்தமே இல்லியா?"

ஐசக் பிறந்த நாளிலிருந்து அந்த நாற்றத்திலேயே வளர்ந்த மனிதர். அது இல்லையென்றால் நல்ல காற்று என்றுதான் நினைப்பார்.

"ஏங்க, எறங்காதீங்க... நாத்தம் போவல, உங்க மூக்கு செத்துப்போச்சு. விஷவாயு ஜாஸ்தியானா மூக்குக்கே தெரியாதாம்... செவ்வாக்கெழம பாதுகாப்பு க்ளாஸ்ல அவ தான் சொன்னா... ஆமா, நான் போனேன். அப்படி இன்னா தான் பேசறான்னு பாக்கப் போனேன்... அன்னிக்கி அந்த க்ளாசுக்கு நீங்க போவக்கூடாதுன்னு தான் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினேன். ரேஷன் கார்டுல ஒரு தப்பும் இல்ல... ஆமா, பொய் தான். அப்புறம் திட்டுங்க, இப்ப தள்ளி நில்லுங்க... தோஸ்து தான், இல்லன்னு சொல்லல. ஒருத்தர தூக்கப் போயி மூணு பேர் செத்த கதைய அவ சொன்னா. மாஸ்க் போட்டவங்க தான் எறங்கணும்... அழுவாதீங்க... அது யாரு குரல்? அவளா? மாஸ்க் ஆளுங்கள கூட்டினு வந்துட்டாளா?... போன அவகிட்ட குடுங்க... சண்ட போடல, குடுங்க."

தனியாகக் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மேடமா?... ஐசக் வீட்டுக்காரி ஜெயசீலி பேசறேன்... ஆமா, ஆமா, தெரியும். மூர்த்தின்னா இவருக்கு உசுரு. நீங்க அந்தப் பக்கம் திரும்புனா இவர் குதிச்சிடுவாரு. அவர் கைய புடிச்சிக்கோங்க... இல்ல மேடம், பரவால்ல. கெட்டியா புடிச்சிக்கோங்க. நான் வர்ற வரைக்கும் வுடாதீங்க."

சொல்லிவிட்டு அவளே போனை வைத்தாள்.