வெள்ளைத் திரையில் பதினொரு நிமிடம்

1989ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 21ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையத்தில் தானாக ஆஜரானவர் சொல்லி எழுதிக்கொண்டது.

பெயர் தவசிமுத்து, வயது 47, தகப்பனார் பெயர் குருசாமி, சொந்த ஊர் தளவாய்புரம், தற்போது ராஜபாளையத்தில் வாடகை வீட்டில் குடியிருப்பு. படிப்பு எட்டாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்கூடம் என்று ஐயா கேட்டதன்பேரில் ஆறாம் வகுப்பில் நான்கு மாதம் என்று சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு தியேட்டரும், இவ்வூரில் சாரங்கபாணி முதலாளியின் தியேட்டரும் ஒரே பிரிண்டை வைத்துப் படம் ஓட்டும். அங்கே இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே மூன்று மணிக்குத் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகர டப்பாவில் போட்டு இங்கே கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. ஒரு டப்பாவில் இரண்டு ரீல், இருபது நிமிடப் படம் இருக்கும். என் ராஜ்தூத் வண்டியில் இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் கடப்பேன். அது எப்படி முடியும் என்று கேட்டதன்பேரில் இருபது நிமிடம் என்று சொல்கிறேன். ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு டப்பாவைக்கூடத் தவற விட்டதில்லை என்பது இரண்டு ஊருக்கும் தெரியும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் ஓடியது ஒரு பழைய சிரிப்புப் படம். விஞ்ஞானி ஒருவர் நீல மருந்தைக் குடித்து ஆள் தெரியாமல் மறைந்துபோய், கள்ள நோட்டு அடிப்பவனைத் தலையில் குட்டிக் குட்டியே ஊரைவிட்டு ஓட்டுவார். அந்தத் தந்திரக் காட்சிகளுக்கு யோசனை சொன்னவன் நான்தான். இது வழக்குக்குத் தேவையில்லை என்று ஐயா சொன்னார்.

முதல் இரண்டு டப்பாவையும் ஒரே நடையில் சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ராஜபாளையம் திரும்பினேன். அங்கே மூன்றாவது டப்பா கைக்கு வந்த நேரத்தில் வண்டியின் செயின் அறுந்துபோனது. நான்காவது அப்போது ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மக்கர் செய்தால் டப்பாவை ஏதாவது பஸ்ஸில் டிரைவர் காலடியில் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். தியேட்டர் வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். அதன்படி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஒரு பச்சை பஸ் புறப்படும் நிலையில் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் இல்லை. கண்ணாடியில் ஆண்டாள் படம் மாட்டி, கிளியோடு சேர்த்துக் கதம்ப மாலை போட்டிருந்தது. ஆண்டாளை வைத்திருக்கும் பஸ் ஆண்டாள் ஊருக்குத்தானே போகும் என்று போர்டைப் பார்க்காமல் டப்பாவை வைத்துவிட்டு, செயினை மாட்ட ஓடினேன்.

அதன் பிறகு நான்காவது டப்பாவை எடுத்துக்கொண்டு 3.55 மணிக்கு இங்கே வந்து சேர்ந்தேன். ஆபரேட்டர் வைகுண்டராஜ் இடைவேளையை முன்கூட்டியே விட்டுவிட்டு மாடி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். டப்பா வந்ததா என்று நான் கேட்டேன், எந்த டப்பா என்று அவர் கேட்டார். பஸ் வழியில் நின்றிருக்கும், இதோ வந்துவிடும் என்று சொன்னேன். உள்ளே விசில் அடித்து நாற்காலியைத் தட்டத் தொடங்கினார்கள். கூட்டம் ஐயாயிரம் பேர் இருக்கும். மொத்த இருக்கை எத்தனை என்று கேட்டதன்பேரில் முந்நூற்று இருபது என்று சொல்கிறேன்.

மூன்றாவதை விட்டுவிட்டு நான்காவதை ஓட்டிவிடலாம் என்று வைகுண்டராஜ் சொன்னார். எந்த ஆபரேட்டரும் அதைத்தான் செய்வார். நான் விடவில்லை. ஓட்டினால் நான் டப்பாவைத் தொலைத்தது ஊருக்குத் தெரிந்துபோகும். விஞ்ஞானி மருந்து குடிக்கும் இடத்தில்தான் இரண்டாவது டப்பா முடிந்திருந்தது. ஆகவே ரீல் மாட்டாமல் கார்பன் விளக்கை மட்டும் திரையில் அடிக்கச் சொன்னேன். அதற்கு அவர், "அண்ணாச்சி, வெறும் வெளிச்சத்த விட்டா என் லைசென்சு போயிரும். மூணு பொம்பளப் பிள்ளைக இருக்கு எனக்கு" என்று சொன்னார். "எதுன்னாலும் நான் சொன்னேன்னு சொல்லும்" என்று நான் சொன்னேன்.

திரை வெள்ளையானதும் கீழே இறங்கி, விளம்பரம் சொல்லும் மைக்கை வாங்கி, விஞ்ஞானி மறைந்துவிட்டார், இப்போது நடந்து வருகிறார் என்று சொல்லத் தொடங்கினேன். கதவு திறக்கும் சத்தம், செருப்புச் சத்தம், பூனை பயந்து ஓடும் சத்தம் எல்லாம் வாயாலேயே கொடுத்தேன். சனங்கள் சிரித்தார்கள். விஞ்ஞானி திரையை விட்டு இறங்கி முன்வரிசையில் சிவப்புத் துண்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்றேன், அந்த ஆள் எழுந்து வேறு இடம் போய்விட்டார். எனக்கு ஒரு கண் வாசலிலேயே இருந்தது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் பேச்சு நின்று நின்று வந்தது.

இப்படிப் பதினொரு நிமிடம் ஓட்டினேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சோழபுரம் கருத்தம்மா என்பவர் எழுந்து, "ஏலே, ஆளு மறைஞ்சான் சரி. அவன் நின்ன வீடு எங்கலே?" என்று கேட்டார். வீட்டுக்கும் மருந்து தெளித்துவிட்டார் என்றேன். வில்லன் எங்கே என்றார். அவனும் தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டான் என்றேன். "அப்ப நாங்க எதுக்குலே கண்ண வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்?" என்றார். அதன் பிறகு முதல் செருப்பு வந்தது. அதன் பிறகு நாற்காலிகளை உடைத்தார்கள், திரையை மூன்று இடத்தில் கிழித்தார்கள். நான் பத்துப் பேரைத் தூக்கி எறிந்தேன். இல்லை. பக்கக் கதவு வழியாக ஓடிவிட்டேன். விளக்கு எரியும்போது ஆபரேட்டர் கேபினை விட்டு இறங்கக்கூடாது. ஆகையால் வைகுண்டராஜ் அங்கேயே நின்றிருக்கிறார், போலீஸ் வந்து பிடித்திருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வைகுண்டராஜின் மனைவி கிருபாபாய் என் வீட்டுக்கு வந்தார். ரீலை ஆபரேட்டர் ஒளித்துவிட்டதாக முதலாளி புகார் கொடுத்திருப்பதாகவும், லைசென்சை ரத்து செய்ய எழுதப்போவதாகவும் சொன்னார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. "அவிய உங்க பேரச் சொல்லல அண்ணாச்சி. டப்பா எங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்று சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். அதன் பிறகு என்னால் உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

இன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் புறப்பட்டுப் பச்சை பஸ்ஸை விசாரித்துக்கொண்டே போனேன். அது ஆலங்குளம் பஸ். அங்கே சிமெண்டு ஆலைக்கு முன்னால் ரத்தினம் என்பவரின் டீக்கடையில் டிரைவர் டப்பாவை இறக்கி வைத்திருந்தார். அதன்மேல் வடைச் சட்டி இருந்தது. இரண்டு ரீலும் சேதமில்லாமல் இருக்கின்றன. அந்த டப்பாவைத்தான் ஐயாவின் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

கூட்டத்தையும் வேகத்தையும் ஐயா இஷ்டப்படி குறைத்துக்கொள்ளலாம். டப்பாவைத் தவற விட்டது நான், வெறும் விளக்கை அடிக்கச் சொன்னது நான், ஓடியதும் நான் என்பதை மட்டும் கோடு போட்டு அடிக்காமல் முதலாளிக்கும் வாசித்துக்காட்ட வேண்டும். வைகுண்டராஜை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்ளலாம்.

லாக்கப்புக்குள் இருக்கும் வைகுண்டராஜ் நான் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் திரும்பவில்லை. மெதுவாகச் சொன்னால் போதும் என்று ஐயா இரண்டு முறை சொன்னார். நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் உரக்கவே சொல்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ சொல்லவில்லை. திருத்தியது போக மீதி அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) கு. தவசிமுத்து