பூதத்துக்கு ரிலீவர் இல்லை

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோ. எதிரே ஃபேக்டரி யூனிஃபார்மில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் மந்திரவாதச் சாகச நாவல் ஒன்று.

“எனக்கு அந்தப் பூதத்த நெனச்சாதான் பாவமா கீது” என்றாள் அவள்.

“மனுசனத் துன்ற பூதமாடி பாவம்?”

“ஆயிரம் வருசமா குகை வாசல்லயே நிக்குது. மாத்திவிட ஒரு ரிலீவர் வரல. பாத்ரூம் போவ வேணாமா?”

“அப்போ ஹீரோயின் எப்டி உள்ள போனா?”

“‘நீ போய்ட்டு வா, உன் எடத்துல நான் நிக்கிறேன்’னா. அதுவும் நம்பிப் போய்டுச்சு. அங்கதான் கதை இடிக்குது. நம்ம ஃபேக்டரி லைன்ல எவளாச்சும் அப்டி நிப்பாளா?”

ஃபேக்டரி கேட் வந்தது.

“இன்னிக்கு பத்து நிமிசம் என் எடத்துல நிக்கிறியாடி?” என்றாள் மற்றவள்.

நாவலைப் பைக்குள் வைத்துக்கொண்டே அவள் இறங்கினாள்.

“சூப்பர்வைசரக் கேளு.”