வாயக் கட்டிக்கினு கொகைக்குப் போனது

குந்து நைனா, குந்து. வந்ததும் வராததுமா இன்னா பூ வந்துது, இன்னா பூ வந்துதுன்னா? சொல்றேன். எம்புள்ள செங்கல்வராயன் பங்காளிங்கள இட்டார போய்க்கிறான். அவங்கல்லாம் வந்து குந்தினப்பால, வெளக்காண்ட நின்னு தான் சொல்லணும். அது மொற. ஆனா நீ கண்ணாலம் கட்டப் போறவன். கட்டப் போறவனோ, கட்டாம திரும்பிப் போறவனோ, அத்த அப்பால பாக்கலாம். லட்சுமணன் தானே உன் பேரு? ஆவடி டேங்கு பாக்டரில வேல, கோட்டர்ஸ்ல ஊடு, உங்கம்மா தின்னவேலி பக்கம். பாரு, எல்லாம் தெரியும். எம்பேத்தி வசந்தா எங்கிட்ட சொல்லாத சங்கதியே கெடையாது. இந்த ஆப்பிள் இன்னாத்துக்கு? எனக்குக் கீறதே ஏழு பல்லு. வாயப்பயம் வாங்கியாந்திருக்கலாம். செரி, வை.

டீவிய கொஞ்சம் கொறச்சிக்கினு வா. ஞாயித்துக்கெயமன்னா நூம்பல் பூராவும் நம்ம ஊட்டு வாசல்ல தான் குந்திக்கும். இன்னிக்கி நான் தான் தொரத்தி உட்டேன். பஞ்சாயத்து கீது, போங்கடின்னு.

உன் பேர எடுத்தாலே இந்த ஊட்டுல சோத்துத் தட்டு பறக்கும், தெரியுமா? வேற ஜனம், வேற ஊரு, என் பொணத்தத் தாண்டித் தான் அவ போவணும்னான் செங்கல்வராயன். யாரு எதுர? துலுக்கானம் எதுர. துலுக்கானம் யாருன்னா, எங்க ஊட்டுக்காரரோட அண்ணம்புள்ள. அவன் வரலன்னா இந்த ஊர்ல ஒரு காது குத்தலு நடக்காது. எழவு உயுந்தாக்கூட தூக்குறதுக்கு ஆளு வராது. அவன் உங்க சங்கதியக் கேட்டுட்டு துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு எயுந்துட்டான். அப்பத் தான் செங்கல்வராயன் சொன்னான். நான் வேணான்றேன், பொண்ணு வேணும்ன்றா. பேச்சு எதுக்கு? பூண்டி காட்டுக் கொகைல கீற நம்ம கொகையம்மா கிட்ட பூ கட்டிப் பாத்துரலாம். அவ சொல்லிட்டா அப்பால எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னான். துலுக்கானமும் செரின்னு குந்திட்டான். கொகையம்மாவ எவன் எதுக்கிறது?

உங்க பக்கம் பூ கட்டிப் பாக்குறது கீதா? இல்லியா? அப்போ நீங்கல்லாம் எப்படித் தான் ஒரு முடிவுக்கு வருவீங்க? ஒண்ணும் பெரிய வித்த இல்ல நைனா. பூவரசம் எலைல ரெண்டு பொட்டலம். ஒண்ணுல வெள்ளப் பூ, ஒண்ணுல செவப்பு. வெளிய பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். அம்மன் காலாண்ட வச்சிட்டு, கேள்வி இன்னான்னு தெரியாத ஆளா பாத்து ஒண்ண எடுக்கச் சொல்லணும். வெள்ள வந்தா செய்யி. செவப்பு வந்தா உட்ரு. ஊட்டுல கீற மூத்த பொம்பள தான் கட்டணும், யாரும் பாக்கக் கூடாது. அவ ஒண்டியாத் தான் போவணும். இதெல்லாம் செரி. இன்னோண்ணு கீது பாரு, அது தான் பேஜாரு. ஊட்டுல வெளக்கப் பாத்து கும்புட்டுட்டுக் கெளம்பினா, பூவ எடுக்கிற வரிக்கும் வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த பேசினா போச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து.

சிரிக்கிறியா? சிரி. எம்மருமவ கண்ணம்மாவும் இப்படித் தான் முந்தானிய வாயில வச்சிக்கினு சிரிச்சா. அத்தே, வேலப்பன்சாவடி வரிக்கும் தாங்குவியான்னா.

வெள்ளிக்கெயம சாயந்தரம் பொட்டலம் கட்டி, மஞ்சப் பையில போட்டு, ஆணில மாட்டிட்டேன். சனிக்கெயம காத்தால எந்திரிச்சா எனக்கு மின்னாடியே செங்கல்வராயன் எந்திரிச்சி சைக்கிளு துடைச்சிக்கினு கீறான். வேலப்பன்சாவடி வரிக்கும் கேரியர்ல வச்சி அவன் தான் மெறிச்சிக்கினு வந்தான். வழி பூராவும் உன்னிய தான் திட்டினு வந்தான். பதிலுக்கு நான் ஒரு வார்த்த பேச முடியல. நான் நாத்து நட்ட கயனில எல்லாம் இப்போ வெள்ளக் கல்லு நட்டு பிளாட்டு போட்டுக்கிறானுங்க. அத்தக் காட்டி நாலு வார்த்த பொலம்பலாம்னா, அதுக்கும் வழி இல்ல. பஸ்ஸு ஏத்தி உட்டுட்டு, பையக் கைல குடுத்து, பத்தரமா வச்சிக்கமான்னான். தண்ணி, சோத்துப் பொட்டலம் எல்லாம் அவன் தான் கட்டினது. அவன் கட்டினா அத்த அவுக்க ஆளு வரணும். அம்பத்தூர் எஸ்டேட்டுல இருவது வருசமா பண்டல் கட்டுறான் இல்ல? அந்த முடிச்சு தான் எல்லாத்துக்கும். வேட்டிக்குக்கூட அத்தப் போட்டுருவான்னு கண்ணம்மா சிரிப்பா.

பூந்தமல்லில திருவள்ளூர் பஸ்ஸு. கண்டக்டர் எங்கம்மான்றான். கைய கூப்பிக் காட்டினேன். பெருமாள் கோயிலான்னு திருவள்ளூருக்கே டிக்கெட்டு கிய்ச்சிக் குடுத்துட்டான். செரி, நமக்குத் தோதாப் பூட்சி. திருவள்ளூர்லேர்ந்து பூண்டி பஸ்ஸு. அங்கத் தான் மாட்டினேன். பூண்டிய கையால எப்படிக் காட்டுறது, நீயே சொல்லு. ஏரி கீது இல்ல? ரெண்டு கையும் விரிச்சி, தண்ணி, தண்ணின்னு காட்டினேன். பின்னாடி குந்தினு இருந்தவன் பாவம்யா ஊமை, தாகம் போலன்னு கேன எடுத்துக் குடுத்துட்டான். குடுத்தத குடிக்காம இருக்க முடியுமா? குடிச்சேன். குடிச்சிட்டு இன்னும் பெருசா காட்டினேன். இன்னோர்த்தி சொம்ப நீட்டுறா. நாலாவது ஆளுகிட்ட குடிச்சப்பால தான் கண்டக்டர் கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட்டு குடுத்துட்டு அந்தாண்ட போனான். அப்பால நான் பட்ட அவஸ்தைய உங்கிட்ட சொல்ல முடியாது. ஆம்பளப் புள்ள.

பக்கத்துல ஒருத்தி குந்தினா. கெங்கம்மாளாம். நான் ஊமைன்னு தெரிஞ்சதும் அவளுக்கு மூஞ்சி அப்டியே பூத்துக்கிச்சு. ஊமைன்னா செவிடுன்னு நெனப்பு போல. ஊட்டு சங்கதி பூராவும் கொட்டிட்டா. அவ மாமியாக்காரி பேசுதாம், பேசுதாம், ஓயாம பேசுதாம். உன்ன மாதிரி வாய் இல்லாம இருந்தா காலு கய்வி உடுவேன்க்கா அப்டின்றா. எனக்கு நாக்கு துடிக்குது. அப்பால சொல்றா, முன்னல்லாம் அப்டி இல்லியாம். பேத்தி ஒண்ணு இருந்துதாம், அது கிட்ட மட்டும் தான் கெயவி பேசுமாம். அந்தப் பொண்ணக் கட்டிக் குடுத்துட்டாங்க. அப்போலேர்ந்து செவுத்தாண்ட குந்திக்கினு செவுத்துக்கிட்ட பேசுதாம். நடுவுல நிறுத்தி, உம்முனு சொல்லுடி, உம்முனு சொல்லுடின்னு செவுத்த கேக்குதாம்.

இட்லி ஒண்ணு குடுத்தா. நல்லவ தான் பாவம். எனக்கு எறங்கல.

இன்னாது? ஆ, கொகை. வரேன், வரேன். பூண்டில எறங்கி, காட்டுல ஒத்தயடிப் பாத. செங்கல்வராயனுக்கு மொத மொட்ட போட்டப்போ போனது. அப்போ கால்ல செருப்பு இல்ல, முள்ளு தெரியல. இப்போ செருப்பு கீது, முட்டி இல்ல. பூராவும் செவப்புக் கூயாங்கல்லு, காலு வயுக்குது. ரெண்டு மணி நேரம் நடந்தேன். கொகைன்னா நீ பொந்துன்னு நெனச்சிக்கினு இருப்ப. மலையே வாயப் பொளந்துகினு நிக்கிற மாதிரி இருக்கும். உள்ள நம்ம ஊட்ட மாதிரி பத்து ஊடு வைக்கலாம். மேல தேன்கூடு தொங்குது. அதுக்கடில, மஞ்சப் பூசின கல்லு ஒண்ணு, நாலு வளையலு, ஒரு வெளக்கு. அவ்ளோ தான் கொகையம்மா. இம்மாம் பெரிய வாய வச்சிக்கினு எப்டிடி சும்மா இருக்கன்னு மனசுல கேட்டேன். பேசத் தான் முடியாதே.

ரெண்டு பொட்டலத்தயும் கல்லாண்ட வச்சேன். எடுக்கிறதுக்கு ஆளு வேணும். ஈ காக்கா இல்ல. ரொம்ப நேரம் கழிச்சி ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன் வந்தான், நம்ம வயசு இருக்கும். பொட்டலத்தக் காட்டி, எடு, எடுன்னு கைய ஆட்டினேன். அவன் சுண்டல்னு நெனச்சிக்கிட்டான் நைனா! மகராசி, காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னலன்னு ஒண்ண எடுத்து அவுக்குறான், அவுக்குறான், வரல. இடுப்புல இருந்த கத்திய எடுத்து நார அறுத்து, எலையப் பிரிச்சிப் பாத்துட்டு, த்தூ, பூ தானான்னு கீய போட்டான்.

வெள்ள நைனா. நந்தியாவட்ட. வெள்ள வெளேர்னு.

ஏய், எங்க ஓடுற? உங்கம்மா எங்கயும் போவல, கோட்டர்ஸ்ல தான் கீது. குந்து. இன்னும் முடியல. பங்காளிங்க வர்றதுக்குள்ள இன்னோண்ணு சொல்லணும். அதுக்குத் தான் உன்ன குந்த வச்சிக்கினு கீறேன்.

நான் வெள்ளப் பூவே கட்டல.

இன்னா மொயிக்கிற? ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு அரளி தான் கட்டினேன். எத்த எடுத்தாலும் செவப்பு. உம்மேல கோவம் ஒண்ணும் இல்ல. உன் மூஞ்சிய நான் இன்னிக்கித் தான் பாக்குறேன். அந்தப் பொண்ணு எக்ஸ்போர்ட்டு கம்பெனிலேர்ந்து ஆறு மணிக்கு வரும். மூஞ்சி கய்விக்கினு, என்னாண்ட வந்து குந்தும். நான் பேசுவேன். பழைய சங்கதி, புது சங்கதி, சொன்னதயே சொல்லுவேன். உம் கொட்டும். இந்த ஊட்டுல எனக்கு உம் கொட்டுறது அது ஒண்ணு தான். ஆவடி இன்னா சீமையா, பருத்திப்பட்டு ஏரியத் தாண்டினா வந்துர்து. ஆனா ஆறு மணிக்கு வராதே. அதான் செவப்பு. தப்பு தான். சாமி சங்கதில கைய வச்சவ நான். கெங்கம்மா அந்த செவுத்து சங்கதியச் சொன்னப்போ இட்லி ஏன் எறங்கலன்னு இப்போ புரிதா?

செவப்பு கட்டினவ கண்ணு எதுர வெள்ளப் பூ உயுந்து கெடந்தா எப்டி இருக்கும்? அம்மா, தாயே, தப்பு பண்ணிட்டேன்னு கன்னத்துல போட்டுக்கினு கல்லாண்ட உயுந்தேன். உயுந்த எடத்துல தான் அந்த நாரு கெடந்துது. ஆட்டுக்காரன் அறுத்துப் போட்ட நாரு. முடிச்சு அவுராம அப்டியே கீது. நான் போட்டது ஒத்த முடிச்சு, ஒரு இஸ்ப்பு இஸ்த்தா வந்துரும். இது நாலு மடிப்பு மடிச்சி, உள்ள சொருவி, தட்டையா…

அஞ்சு மணி நேரம் கட்டி வச்ச வாயி. மொத வார்த்த இன்னா வந்துது தெரியுமா? டேய் செங்கல்வராயான்னு ஒரு கத்து கத்தினேன். கொகை சும்மா இருக்குமா? ராயா, ராயான்னு அது நாலு தபா கத்துது. ஊமை பேசவும் ஆட்டுக்காரன் அம்மன் எறங்கிட்டான்னு நெனச்சி தொப்புனு கால்ல உயுந்து, தாயே, என் கெடா காணோம், எங்க கீதுன்றான். பொய்து சாயறதுக்குள்ள வரும் போடான்னேன். வந்துதோ இல்லியோ.

அவன் தான் நைனா. அது எம்புள்ளயோட பண்டல் முடிச்சு. என் பொணத்தத் தாண்டிப் போன்னு கத்தினானே, அவன் தான். துலுக்கானம் வாய அடைக்க அவனுக்கு வேற வழி தெரில. அம்மன் தலைல போட்டுட்டான். காத்தால எனக்கு மின்னாடி எந்திரிச்சது சைக்கிளு துடைக்க இல்ல. பொட்டலத்தப் பிரிச்சிருக்கான். பிரிச்சா ரெண்டும் செவப்பு. ஆத்தாக்காரி பண்ண வேலையப் பாத்துருக்கான். பாத்துட்டு ஒரு வார்த்த கேக்காம, வெள்ளப் பூ வச்சிக் கட்டிட்டு, கேரியர்ல குந்த வச்சி மெறிச்சிக்கினு வந்தான் பாரு.

நேத்து நான் வந்ததுலேர்ந்து ஊரே கேக்குது இன்னா பூ, இன்னா பூன்னு. அவன் ஒருத்தன் கேக்கல. வெந்நீ வச்சிக் குடுத்தான். முட்டிக்குத் தைலம் எடுத்தாந்து வச்சிட்டு அந்தாண்டப் பூட்டான். ஆத்தாளும் புள்ளையும் இன்னும் மூஞ்சியப் பாத்துக்கல.

இந்தா, இது தான் ரெண்டாவது பொட்டலம். அவுக்காம ஓடையில உட்டுட்டு வரணும்னு மொற. நான் சுருக்குப் பையில போட்டுக்கினு வந்துட்டேன். ராத்திரியெல்லாம் ஒரே அரிப்பு. ஒரு பொட்டலத்த மட்டும் மாத்திட்டு, இன்னோண்ணுல என் செவப்ப உட்டு, அம்மனே சொல்லட்டும்னு வச்சானா? இல்ல, ரெண்டயும் மாத்தினானா? பல்லால கூட இஸ்த்துப் பாத்துட்டேன். வரல.

செருப்பு சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. எந்திரி. தூணாண்ட நில்லு. எவன்டா அவன ஊட்டுக்குள்ள உட்டதுன்னு செங்கல்வராயன் கத்துவான், பயந்த மாதிரி நில்லு. சிரிச்சித் தொலைக்காத. சிரிச்சா அவன் மானம் பூடும். நான் சொன்னது எதுவும் உனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு நைனா, நீ நல்லா தான் உம் கொட்டுற. அந்த கோட்டர்ஸ்ல ஜன்னலாண்ட ஒரு கெயவி குந்துற மாதிரி எடம் கீதா? சும்மா கேட்டேன்.

வாப்பா துலுக்கானம். வா பக்தவத்சலம், குந்துங்க. சொல்றேன், சொல்றேன், வெளக்கு ஏத்தட்டும். டேய் செங்கல்வராயா, கத்துனது போதும், இப்டி வா. கொகையம்மா பிரசாதம்டா இது. பூவு. எனக்கு அவுக்க வரல. உன் கைக்கு வருதா பாரு.

பாத்தியா லட்சுமணா, இன்னா லேசா அவுக்குறான்.

அட, இதுவும் வெள்ள. ஏண்டி வசந்தா, உள்ள இன்னா பண்ற? வா, வந்து தலையக் காட்டு, பூ வைக்கணும்.