ரெண்டு வருசப் படிப்பு

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தாயும் மகளும். மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். மேற்படிப்பு விவரங்களை போனில் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தாள்.

"ரோபோ பத்தினது ஒரு வருசம்மா. சோலார் பத்தினது ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசத்தயே எடு."

"அதுல என்னா படிக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"என்னாவா இருந்தா என்னா? ஒங்க மாமா ஒன்னய அவரு மகனுக்குக் கேட்டுட்டு, ஒரு வருசம் பொறுக்கிறேன்னு சொல்லிட்டாரு. கூடப் பொறந்த அண்ணன்கிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது? புள்ள இன்னும் படிக்குதுன்னு சொன்னா அவரே மகனுக்கு வேற எடம் பாத்துக்குவாரு."

மகள் சிரித்துவிட்டாள். "அப்ப பிஎச்டி செய்யவா? நாலு வருசம்."

தாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அது வேணாம். அதுக்குள்ள அவன் தம்பி வளந்துருவான்."