ஓரத்துக்குப் போகும் புள்ளி

அண்ணி: கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க தம்பி.

கொழுந்தன்: எதுக்கண்ணி சாத்தணும்? ஞாயித்துக்கிழமை உங்க தையல் கடைக்கு யார் வரப்போறா?

அண்ணி: மாடியில நம்ம வானியல் கழகத்துக்காரங்க இருக்காங்க இல்ல... எல்லாருக்கும் பாம்புச் செவி.

கொழுந்தன்: சூரியனப் பாக்க வந்தவங்க நம்ம பேச்சையா கேக்கப் போறாங்க... சரி, சாத்தியாச்சு. மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? அண்ணன் ஏதாச்சும்...

அண்ணி: உங்கண்ணன் இன்னும் எந்திரிக்கவே இல்ல. அவர விடுங்க. இந்த மேசையப் பாருங்க.

கொழுந்தன்: துணி வெட்டற மேசை. துணியக் காணோம், தாளாக் கெடக்கு. யாருக்குச் சட்டை தைக்கறீங்க, சூரியனுக்கா?

அண்ணி: விளையாட்டு வேணாம். எல்லாம் நீங்க வரைஞ்ச தாள். திங்கள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும்.

கொழுந்தன்: என் தாளெல்லாம் உங்ககிட்ட எப்படி...

அண்ணி: சலூன் அண்ணன் குடுத்தார். கழகத் தலைவர் குடுத்தா வாங்க மாட்டேன்னா சொல்ல முடியும்? ‘உங்க கொழுந்தன நீங்களே கேளுங்கம்மா, நாங்க கேட்டா சண்டையாயிடும்’னார்.

கொழுந்தன்: என்னத்தக் கேக்கணுமாம்?

அண்ணி: நம்ம வழக்கம் என்ன? தொலைநோக்கிக் குழாய் வழியா வர்ற சூரியன் வெள்ளைத் தாள்ல விழும். அதுல தெரியற புள்ளிய ஆளாளுக்குத் தனித்தனியா வரையணும். எல்லாரும் முடிக்கற வரைக்கும் அடுத்தவங்க தாள எட்டிப் பாக்கக் கூடாது. இதானே?

கொழுந்தன்: இதான். நான் யார் தாளையும் பாக்கல.

அண்ணி: அதான் வம்பே. எல்லார் தாள்லயும் மேல குட்டியா ரெண்டு புள்ளி. உங்க தாள்ல மட்டும் கூடவே ஒண்ணு, மொளகு கணக்கா.

கொழுந்தன்: மத்தவங்களுக்குத் தெரியலன்னா நான் என்னண்ணி பண்ண? எனக்குக் கழுகுக் கண்ணுன்னு பேர் வெச்சதே அவங்கதானே.

அண்ணி: அதனாலதான் மொத நாள் நம்பினாங்க. சலூன் அண்ணன் கடை போர்டுலயே எழுதிப் போட்டுட்டார், ‘சூரியனில் புதுப் புள்ளி, கண்டவர் நமது கழுகு’ன்னு. இப்ப மருந்துக்கடை சார் என்ன சொல்றார் தெரியுமா? பேரெடுக்க நீங்களே புள்ளி வெக்கறீங்களாம்.

கொழுந்தன்: அந்தாளு மேகத்தையே வெள்ளிக் கிரகம்னு சொன்னவர்...

அண்ணி: பேச்ச மாத்தாதீங்க. இத வரிசையா வெச்சுப் பாத்தேன். திங்களன்னிக்கு நடுவுல இருக்கு. அப்புறம் தினம் ஓரத்தப் பாத்து நகருது.

கொழுந்தன்: நகரத்தானே செய்யும்? சூரியன் சுத்துதுல்ல. புள்ளி ஒரு பக்கமா போய் ஓரத்துல மறையும். இது கூடத் தெரியாமலா கழகத்துக்குச் செயலாளர் ஆனீங்க?

அண்ணி: தெரிஞ்சதாலதான் கேக்கறேன். ஓரத்துக்குப் போகப் போக நடை சுருங்கும் தம்பி. பந்து மேல வெச்ச பொட்டு மாதிரி, விளிம்புக்குப் போறப்ப ஒட்டி ஒட்டி வரும், ஒடுங்கியும் போகும். உங்க புள்ளி தினம் ஒரே தூரம் போகுது. இஞ்ச் டேப் வெச்சுப் பாத்தேன். ஒடுங்கவும் இல்ல. வேன் ஓட்டற மாதிரி ஒரே வேகத்துல ஓட்டியிருக்கீங்க.

கொழுந்தன்: சரி... பொய்தான். நானாதான் வெச்சேன். போதுமா?

அண்ணி: என்ன... இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கறீங்க?

கொழுந்தன்: கையும் களவுமா புடிச்சிட்டீங்க. பேராசைண்ணி. சலூன் அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன், விட்டுருங்க.

அண்ணி: நிஜமாவா? எல்லாமே பொய்யா?

கொழுந்தன்: எல்லாமே.

அண்ணி: திங்கக்கிழமை தாளுமா?

கொழுந்தன்: ...அதுவும்தான்.

அண்ணி: அதுல மட்டும் புள்ளிய அழுத்தி அழுத்திப் போட்டிருக்கீங்க. சுத்தி நிழல் கூடத் தீட்டியிருக்கு. மத்ததெல்லாம் பேருக்கு ஒரு பொட்டு. பொய் சொல்ற கை இப்படி நிழல் தீட்டுமா?

கொழுந்தன்: ஒத்துக்கிட்டாலும் விட மாட்டேங்கறீங்களே. அண்ணன் எப்படித்தான் குடும்பம் நடத்தறாரோ...

அண்ணி: இந்தாங்க.

கொழுந்தன்: என்ன இது?

அண்ணி: ஊசி. நூலக் கோத்துக் குடுங்க.

கொழுந்தன்: கடைய வெச்சுக்கிட்டு என்னைக் கோக்கச் சொல்றீங்க...

அண்ணி: கழுகுக்கு ஊசிக் கண்ணு தெரியாதா? கோத்துக் காட்டுங்க.

கொழுந்தன்: ...குடுங்க. இதெல்லாம் ஒரு... ம்... நூல் பிரி விட்டிருக்கு.

அண்ணி: எச்சில் தொட்டுக்குங்க.

கொழுந்தன்: இருங்க... இந்தா, ஆச்சு.

அண்ணி: இடது கண்ணால கோத்தீங்க.

கொழுந்தன்: கோத்தாச்சுல்ல? எந்தக் கண்ணா இருந்தா என்ன?

அண்ணி: குழாயப் பாத்தாலும் சரி, தாளப் பாத்தாலும் சரி, இடதை மூடிக்கிட்டு வலது கண்ணாலதான் பாப்பீங்க. கல்யாண ஃபோட்டோவுல கூட இடது கண்ணு பாதி மூடித்தான் இருக்கும்னு உங்க பொண்டாட்டி, நம்ம சின்னவ, சொல்லிச் சிரிப்பா. இப்ப மட்டும் ஏன் வலதை மூடினீங்க?

கொழுந்தன்: தூசி விழுந்திருக்கு.

அண்ணி: இடதை மூடிட்டு என் மூஞ்சியப் பாருங்க.

கொழுந்தன்: அண்ணி... வேணாம்.

அண்ணி: பாருங்க தம்பி. என்ன தெரியுது?

கொழுந்தன்: ...காது தெரியுது. தலைமுடி தெரியுது.

அண்ணி: மூக்கு?

கொழுந்தன்: இல்ல.

அண்ணி: ஐயோ...

கொழுந்தன்: சத்தம் போடாதீங்க. மேல கேக்கும்.

அண்ணி: திங்களன்னிக்கா?

கொழுந்தன்: ம். மொத ஆளா மாடிக்கு வந்தேன். சூரியனுக்கு நேரா குழாயத் திருப்பணும்ல, திருகாணிய முறுக்கக் குனிஞ்சேன். பெரிய குழாய் மேல குறி பாக்கறதுக்குன்னு இருக்கற அந்தச் சின்னக் குழாய் சரியா வலது கண்ணுக்கு நேரா இருந்துச்சு. பளீர்னு... அவ்வளவுதான். கூச்சம் போயிடும்னு நெனச்சேன். நீங்கல்லாம் வந்ததும் தாளப் பாத்தா கறுப்பா ஒரு புள்ளி. நிஜம்னு நம்பித்தான் போட்டேன் அண்ணி. வீட்டுக்குப் போய்ச் சின்னவ மூஞ்சியப் பாத்தா... அங்கயும் அதே புள்ளி.

அண்ணி: அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?

கொழுந்தன்: அதுக்குள்ள போர்டுல எழுதிட்டாரே. புள்ளி தப்புன்னா எப்படித் தப்பாச்சுன்னு கேப்பாங்க. கண்ணுன்னா, கண்ணு எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க.

அண்ணி: கேக்கட்டுமே. பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு, இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு வேன் ஓட்டிட்டிருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரம்...

கொழுந்தன்: செவ்வாக்கிழமையே சாவியக் குடுத்துட்டேன். முதுகு வலின்னு சொல்லி.

அண்ணி: தினம் காலையில யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் போறீங்கன்னு சின்னவ சொன்னாளே.

கொழுந்தன்: போறேன். கண்ணாஸ்பத்திரியில உக்காந்திருப்பேன். இல்லன்னா பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. சாயங்காலம் திரும்பி வருவேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

அண்ணி: டாக்டர் என்ன சொன்னார்?

கொழுந்தன்: உள்ள சுட்டிருக்காம். சிலருக்கு மெல்ல மெல்லத் தேறுமாம். சிலருக்கு அப்படியே நின்னுடுமாம். எப்படி ஆச்சுன்னார். வெல்டிங் பாத்தேன்னு சொல்லிட்டேன்.

அண்ணி: டாக்டர்கிட்டயுமா பொய்?

கொழுந்தன்: அவர் எங்கயாவது எழுதி வெப்பார். அப்புறம் கழகத்துக்கு வம்பு. அடுத்த வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குச் சூரியனக் காட்டறதா வேற இருக்கு.

அண்ணி: தம்பி... ஒண்ணு கேக்கறேன்.

கொழுந்தன்: இன்னுமா?

அண்ணி: அந்தச் சின்னக் குழாய்க்குத்தான் மூடி உண்டே. நான் கறுப்பு ரெக்ஸின்ல தைச்சுக் குடுத்தது. பகல்ல அத எடுக்கவே கூடாதுன்னு சட்டமே போட்டோம்.

கொழுந்தன்: ஆமா.

அண்ணி: அன்னிக்கு மூடி இருந்துச்சா, இல்லையா?

கொழுந்தன்: இருந்துச்சு.

அண்ணி: இருந்தா எப்படிச் சுடும்?

கொழுந்தன்: நான்தான் கழட்டினேன். கிறுக்குத்தனம். சும்மா ஒரு நொடி பாக்கலாம்னு... அதான் வெக்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல.

அண்ணி: நீங்களா? திருகாணிய முறுக்கக் குனிஞ்சேன்னுதானே இப்ப சொன்னீங்க?

கொழுந்தன்: கழட்டிட்டுத்தான் குனிஞ்சேன்.

அண்ணி: கழட்டி எங்க வெச்சீங்க?

கொழுந்தன்: சட்டைப் பையில.

அண்ணி: அப்புறம்?

கொழுந்தன்: திரும்ப மாட்டிட்டேன். போலீஸ்ல சேந்துட்டீங்களா அண்ணி, இப்படிக் குடையறீங்க? என் கண்ணு, என் முட்டாள்தனம். விடுங்க. என்னண்ணி, அழறீங்களா? அட... கண்ணு தேறினாலும் தேறும்னுதானே சொன்னார்.

அண்ணி: சலூன் அண்ணன் உங்களக் கேக்கச் சொல்லல தம்பி. நான்தான் போய்த் தாள வாங்கிட்டு வந்தேன். நீங்க பொய்யனா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இஞ்ச் டேப் வெச்சு அளந்தேன். அது வெறும் பொய்ப் புள்ளியா இருந்துட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம் இல்லையா... எலாஸ்டிக் தொளதொளன்னு ஆயிடுச்சுன்னு போன ஞாயித்துக்கிழமை அந்த மூடியக் கழட்டிட்டு வந்தவ நான். திங்கக்கிழமை முழுக்க அது என் பொத்தான் டப்பாவுலதான் கெடந்துச்சு.

கொழுந்தன்: தெரியும் அண்ணி. மறுநாள் புது எலாஸ்டிக்கோட மாட்டியிருந்துச்சே, உங்க தையல் எனக்குத் தெரியாதா... இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா, புள்ளி ஓரத்துல போய் மறைஞ்சிருக்கும். யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க.